நிலாவாரைப் பொடியா, சென்னோசைடு மாத்திரையா?

செங்கோட்டையில் மலச்சிக்கலுக்கு வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவுக்கு 78 வயது. இதயத்துக்கு டிகாக்சின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கல் என்று வெளியே தெரிந்ததும் புனலூர் சித்தப்பா ‘சுன்னாமுக்கி’ இலையைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். நம் பக்கத்து நிலாவாரைக்கு மலை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் அதுதான் பெயர். இங்கே மெடிக்கலில் சென்னோசைடு மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். விஷயம் என்னவென்றால், இரண்டும் ஒரே செடி. நாங்கள் மாத்திரைப் பக்கம் போனோம். ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

விலை, ருசி, வசதியெல்லாம் பெரிய விஷயமில்லை. பொடி மலிவு, மாத்திரையும் ஒன்றும் கையைக் கடிக்காது. பொடியின் வாடை அப்பாவுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

‘இலை இயற்கை, மாத்திரை கெமிக்கல்’ என்ற பேச்சையும் சீக்கிரம் முடித்துவிடலாம். நிலாவாரையில் வேலை செய்யும் சரக்கே சென்னோசைடுதான். ஆர்தர் ஸ்டோல் குழுவினர் 1941-ல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது குடலில் அப்படியே இறங்கிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும். இலையில் இருந்தாலும் அட்டையில் இருந்தாலும் நடப்பது இதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசல் காட்டில் விளைந்து கப்பலேறிய இலைக்கு உலக மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். நம் ஊர்ச் சரக்குதான் சுற்றிவிட்டு மாத்திரையாக நம் ஊர் மெடிக்கலில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? அளவில். எங்களுக்கு முடிவைச் சொன்னது அது ஒன்றுதான்.

நாட்டு மருந்துக் கடையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். “ஒரு ஸ்பூன் போடுங்க அண்ணாச்சி, பத்தலன்னா இன்னும் அரை ஸ்பூன்” என்றார் கடைக்காரர். எந்த ஸ்பூன்? வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தோம். தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 2 கிராம் சொச்சம், குவித்து எடுத்தால் நாலைத் தொட்டது. காய்ந்த இலையில் சென்னோசைடு பொதுவாக 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். நடுவாக 2.5 என்று வைத்தாலே 2 கிராம் பொடியில் 50 மில்லிகிராம். குவித்த கரண்டியில் 100. பெரியவர்களுக்கு ஐரோப்பிய மருந்து முகமை சொல்லும் அளவோ ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம்தான். அட்டையில் 12 என்று போட்டிருந்தால் 12. அப்பாவுக்கு ஒன்று போதும் என்றால் ஒன்று.

பொடியில் அந்த 2.5-ஐயும் நம்ப முடியாது. முதல் பறிப்பு இலை ஒரு மாதிரி, பூத்தபின் பறித்தது வேறு மாதிரி. நிழலில் காய்ந்தால் மஞ்சள் கலந்த பச்சை நிற்கும், களத்தில் மழை பட்டால் கறுத்துப் போகும். காய் கலந்து அரைத்தால் வீரியம் கூடும். போன மாதம் வாங்கிய பொடியும் இந்த மாதம் வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. இதில் யாருடைய ஏமாற்றும் கிடையாது, செடியின் குணம் அது.

சாதாரண ஆளுக்கு இதெல்லாம் ஒரு நாள் வயிற்றைப் பிடுங்கும் சமாசாரம், அடுத்த நாள் சரியாகிவிடும். அப்பா மாதிரி ஆட்களுக்கு அப்படியில்லை. பேதி அதிகமானால் பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையும் அதையேதான் செய்கிறது. பொட்டாசியம் இறங்கிய உடம்பில் டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகி இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். கரண்டி குவிந்ததா, தட்டியதா என்ற கேள்வி நேராக இதயத்தில் போய் முடிகிறது. இன்னொரு சங்கடம், மருந்து பிடிக்க 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்துவிட்டு ரெண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. கணக்குத் தெரியாத பொடியில் இந்த அவசரம் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை என்றதும் தினமும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் முதலில் எழுதியது மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப். அது எடுபடாத நாட்களுக்கு மட்டும் சென்னோசைடு, இடையிடையே ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பது. இசப்கோல் ஏன் இல்லை என்றால், அதற்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அப்பாவுக்குத் தண்ணீரே அளந்துதான்.

பொடிப் பக்கமும் நியாயம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நிலாவாரையைத் தனியாகக் கொடுப்பது குறைவு. அதை வைத்துச் செய்யும் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேரும். வயிற்றைப் பிடுங்காமல் இருக்கத்தான் அந்த சேர்மானம். உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி போட்ட டப்பாவாக, சித்த மருத்துவர் நாடி பார்த்து, மற்ற மாத்திரைகளையும் கேட்டுக்கொண்டு கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நான் ஒதுக்குவது பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் உதிரிப் பொடியை மட்டும்தான். உதிரியாகத்தான் வேண்டுமென்றால் முழு இலையாக வாங்குங்கள். ஈட்டி முனைபோல நீண்டு, காம்புப் பக்கம் இரண்டு ஓரமும் சமமில்லாமல் இருக்கும். பொடித்துவிட்டால் எல்லாம் பச்சைத் தூள். வியாபாரத்தில் நிலாவாரைக்கும் அவுரி என்கிறார்கள், தலைக்குச் சாயம் போடும் நீலிக்கும் அவுரி என்கிறார்கள். அதனால் வாயால் கேட்டு வாங்குவதைவிட இலையைப் பார்த்து வாங்குவது நல்லது.

உடல் இளைக்க என்று விற்கும் சில டீத்தூள்களிலும் இதே இலை உண்டு. இறங்குவது கொழுப்பில்லை, தண்ணீர்.

நான் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு வயதானவருக்கு, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம். இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதனால் அதைப்பற்றியும் நான் பேசவில்லை. எந்த வடிவமானாலும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடரக்கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. மாதக்கணக்கில் எடுத்தால் பெருங்குடலின் உள்சுவர் கறுத்துவிடலாம். நிறுத்தினால் மெல்ல மெல்ல மாறும் என்கிறார்கள்.

மாத்திரை வாங்கும்போது ஒன்று. கேட்ட பெயரில் இல்லையென்று வேறு அட்டை கொடுத்தால் மில்லிகிராமைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்லா அட்டையிலும் 12 என்று இருக்காது.