ஹைட்ரோலிக் மோட்டருக்கு டோர்க் (முறுக்கு விசை) போதாதவர்களுக்கு: கரடிப்போக்கில் ஒரு கராஜ்

யானை வேலிக்கும் காணி வேலிக்கும் தூண் நடக் கிடங்கு கிண்டுவதுதான் என் தொழில். ட்ராக்டரின் பின்னால் ஒயிலைத் தள்ளும் தனிப் பம், அந்த ஒயில் அழுத்தத்தில் சுழலும் ஹைட்ரோலிக் மோட்டர், அதன் கீழே மண்ணைத் துளைக்கும் ஓகர். பரந்தன் பக்க வயல் மண்ணில் பிரச்சினையே இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் ஆவணி வெயிலில் இறுகிய கிரவல் தரையில்தான் ஓகர் அப்படியே நின்றுவிடும்.

முதலில் வேறொரு இடத்தில் காட்டினேன். ஒயில் அழுத்தம் எல்லை மீறாமல் பார்க்கும் ரிலீஃப் வால்வை இறுக்கிவிட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இழுத்தது, அப்புறம் மோட்டரின் சாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய் ஒயில் கொட்டியது.

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கும் இந்தக் கராஜில் வால்வைப் பழைய அளவுக்கே இறக்கினார்கள். பிறகு, மோட்டருக்கு ஒயில் போகும் ஹோஸில் ஒரு அழுத்தக் கேஜ், திரும்பி வரும் ஹோஸில் இன்னொன்று. போகும் பக்கம் 140 பார், திரும்பும் பக்கம் 20 பார். “அண்ணை, உங்கட மோட்டருக்கு 120தான் வேலை செய்யுது. மிச்சம் இந்த ஒடுங்கின ஹோஸுக்குள்ள போகுது. சீலைத் தள்ளுறதும் அதுதான்” என்றார் அந்தத் தம்பி. அழுத்த வித்தியாசத்தை மோட்டரின் சிசியால் (ஒரு சுற்றுக்கு மோட்டர் எடுக்கும் ஒயில் அளவு) பெருக்கி 62.8 ஆல் வகுத்தால் டோர்க் நியூட்டன் மீற்றரில் வரும் என்று சுவரிலேயே எழுதிக் காட்டினார். என்னுடைய 200 சிசி மோட்டருக்கு 382.

திரும்பும் ஹோஸை அகலமாக்கியதும் அந்தப் பக்கம் 5 பாருக்கு இறங்கியது. பிறகு 315 சிசி மோட்டர் போட்டார்கள். ஒரே உடல் அளவில் சிசி கூடக் கூட, தாங்கும் அழுத்தம் குறையும் என்பதால் அடுத்த பெரிய உடலையே தெரிவு செய்தார்கள். சாஃப்டும் தடிப்பு என்பதால் கப்ளிங்கை லேத்தில் புதிதாகக் கடைந்தார்கள். இப்போது கணக்குப்படி 677. உராய்வில் கொஞ்சம் குறையும். பம்மில் கை வைக்கவே இல்லை.

வேகம் குறைந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. பம் நிமிடத்துக்கு 40 லீற்றர்தான் தரும், ஆகவே நிமிடத்துக்கு 200 சுற்று 127 ஆனது. மணல் தரையில் வேலை முன்னையதைவிட மெதுவாகத்தான் போகிறது. ஆனால் கிரவலில் ஓகர் நிற்காமல் அரைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேகமாகச் சுற்றிப் பல் தேய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

குறை என்றால், மோட்டர் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை குவியும் காலத்தில் அது பெரிய நட்டம். மாரி முடிந்த கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கூலி நியாயம், பில்லும் தந்தார்கள். போகும்போது பம்மில் இருக்கும் விவரத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை லீற்றர் என்று தெரியாமல் அவர்கள் மோட்டர் சொல்லமாட்டார்கள்.