கடற்பனியின் மேல் வெப்பக் கணக்கு: சுழல்களை அளப்பதா, வாய்பாட்டை நம்புவதா?

ஆர்க்டிக் குளிர்காலத்தில் காற்று −30 டிகிரி செல்சியசில் இருக்கையில், இரண்டு மீட்டர் தடித்த கடற்பனிக்கு அடியில் கடல்நீர் ஏறத்தாழ −1.8 டிகிரியில் இருக்கிறது. தமிழில் பனி என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிப்பதால், கடல்நீர் உறைந்த கட்டியைக் கடற்பனி என்றும் அதன்மேல் வானிலிருந்து விழுந்து படிந்ததை வெண்பனி என்றும் பிரித்துக் கொள்கிறேன். இந்தப் பிரிவு இங்கே மிக முக்கியம். வெண்பனியின் வெப்பங்கடத்தும் திறன் கடற்பனியினதில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்குதான் என்பதால், 30 செ.மீ. வெண்பனி இரண்டு மீட்டர் கடற்பனிக்கு இணையான போர்வையாகிறது. இரண்டையும் கடந்து மேலே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 14 வாட் அளவில் நின்றுவிடுகிறது. வானம் தெளிந்த இரவுகளில் பரப்பு கதிர்வீச்சாக நிகர அளவில் 40 வாட் வரை இழப்பதால், அது தன்மேல் உள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய், காற்றிடமிருந்தே வெப்பத்தை வாங்குகிறது. அப்படி வாங்குவது எவ்வளவு என்பதை அறிய இரண்டு முதன்மையான வழிகள் போட்டியிடுகின்றன.

இதில் துல்லியம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். சதுர மீட்டருக்கு ஒரே ஒரு வாட் பிழை ஓராண்டு முழுவதும் ஒரே திசையில் நீடித்தால், அது 10 செ.மீ. கடற்பனியை உருக்கப் போதுமான வெப்பம்.

முதல் வழி, வெப்பத்தை மேலும் கீழும் ஏந்திச் செல்லும் காற்றின் சுழல்களை நேரடியாக அளப்பது. மீயொலிக் காற்றுமானி ஒன்று நொடிக்கு 10 அல்லது 20 முறை காற்றின் செங்குத்து வேகத்தையும், ஒலியின் வேகத்தைக் கொண்டு வெப்பநிலையையும் பதிவு செய்கிறது. இவ்விரண்டின் ஏற்ற இறக்கங்களைப் பெருக்கி அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குச் சராசரி கண்டால், மேலோ கீழோ செல்லும் வெப்பம் பெரிய முன்ஊகம் ஏதும் இல்லாமல் கிடைக்கிறது. 1997 அக்டோபரிலிருந்து ஓராண்டு, போஃபர்ட் கடலில் கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்றைப் பனியில் உறையவிட்டு நடத்தப்பட்ட ஷெபா ஆய்வில், 20 மீட்டர் கோபுரத்தில் ஐந்து உயரங்களில் இக்கருவிகள் பொருத்தப்பட்டன. துருவக் கடற்பனியின் மேலுள்ள காற்றைப் பற்றி இன்று நாம் உறுதியாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கோபுரத்திலிருந்து வந்தது என்பதே என் மதிப்பீடு.

இரண்டாவது வழி, வாய்பாடு. காற்றின் அடர்த்தி, அதன் தன்வெப்பம், காற்றின் வேகம், பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, இவற்றோடு, காற்று வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கைமாற்றுகிறது என்பதைக் குறிக்கும் ஒரு பரிமாற்றக் கெழு ஆகியவற்றைப் பெருக்கினால் விடை வந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மிதவைகளும் செயற்கைக்கோள்களும் வானிலை மாதிரிகளும் இதைக் கொண்டே இயங்குகின்றன. ஆனால் அந்தக் கெழு வானத்திலிருந்து விழுவதில்லை. 1954-இல் சோவியத் அறிவியலாளர்கள் மொனினும் ஒபுகோவும் வகுத்த கோட்பாட்டின்படி அது பரப்பின் கரடுமுரட்டையும் காற்றின் அடுக்கமைவையும் (குளிர்ந்ததும் வெப்பமானதும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும் விதத்தையும்) பொறுத்தது. வெண்பனிப் பரப்பில் கரடுமுரட்டு நீளம், அதாவது காற்றுக்குப் பரப்பு எவ்வளவு கரடாகத் தோன்றுகிறது என்பதை ஒரு நீளமாகச் சொல்லும் அளவு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெப்பத்துக்கும் நீராவிக்கும் உரிய நீளங்கள் அதிலிருந்து வேறுபடுகின்றன என்பதை ஆய்வாளர் எட்கர் ஆண்ட்ரியாஸ் 1987-இல் கோட்பாடாக எழுதினார். இந்த எண்களையெல்லாம் சரிபார்த்தவை சுழல் அளவீடுகளே. எனவே வாய்பாட்டை அளவீட்டுக்குச் சமமான சாட்சியாக நிறுத்துவது முறையன்று. அது அளவீட்டிடம் கடன் வாங்கிய அறிவு.

கடன் வாங்கியதாயினும் சாதாரண நாள்களில் அது நன்றாகவே உழைக்கிறது. −30 டிகிரியில், வினாடிக்கு 5 மீட்டர் காற்றில், கெழுவை 0.0012 என்று வைத்தால், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 9 வாட் வருகிறது. ஆபத்தும் இதே எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது. பரப்பின் வெப்பநிலையை அதன் அகச்சிவப்புக் கதிர்வீச்சிலிருந்து கணிக்கிறோம். கருவியின் கவிகை மூடியில் உறைபனி படிந்து அரை டிகிரி பிசகினாலே நாலரை வாட் கைநழுவுகிறது. மேலே சொன்ன கணக்கில் அது 45 செ.மீ. கடற்பனி.

கடுங்குளிரில் காற்று அடங்கி, கீழே குளிர்ந்தும் மேலே வெப்பமாகவும் அடுக்கு இறுகிய இரவுகள்தாம் இரு வழிகளுக்கும் கடுமையான சோதனை. சுழல்கள் நலிந்து, விட்டுவிட்டு எழுகின்றன; நிலையான காற்றடுக்கு கோபுரத்தின் உயரத்துக்கும் தாழ்வாகச் சுருங்கிவிடலாம்; மீயொலிக் காற்றுமானியின் முனைகளில் உறைபனி ஏறுகிறது. அடுக்கின் இறுக்கத்தை உயரத்தோடு காற்றின் வேகம் மாறும் அளவோடு ஒப்பிடும் ரிச்சர்ட்சன் எண் 0.2 முதல் 0.25 வரையுள்ள எல்லையைத் தாண்டியதும் வழக்கமான கொந்தளிப்பு அற்றுப்போவதை ஷெபா தரவுகளிலிருந்து ஆய்வாளர் கிராச்செவும் உடனுழைத்தோரும் காட்டினார்கள். அந்த எல்லைக்கு அப்பால் வாய்பாடு ஒரு விடையைக் கூசாமல் தருகிறது; கோபுரமோ தன் தரவு சிதறிக் கிடப்பதை நமக்குக் காட்டிவிடுகிறது. நம்பகமின்மையை வெளிப்படுத்தும் கருவியையே நான் தேர்வேன். பல வானிலை மாதிரிகள் இத்தகைய இரவுகளில் உண்மையைவிடக் கூடுதலான கலப்பை வைத்துக்கொள்வதால், பரப்பு அங்கே தேவைக்கு மேல் வெப்பமாகக் காட்டப்படுவது நெடுநாளாக அறிந்த குறை.

கதிர்வீச்சு, பனி வழிக் கடத்தல், சேமிப்பு ஆகியவற்றைக் கழித்து மிச்சத்தைக் காற்றின் பங்கு என்று கொள்ளும் மூன்றாம் வழியும் உண்டு. எல்லா உறுப்புகளின் பிழைகளும் அந்த மிச்சத்திலேயே வந்து குவிவதால், சரிபார்ப்புக்கு மட்டுமே அது உதவும்.

ஆனால் கோபுரத்துக்கு ஒரு பெரும் குறை உண்டு. அதை மறைத்துவிட்டு அதற்காக வாதாடக் கூடாது. அது காற்று வரும் திசையில் சில நூறு மீட்டர் முதல் ஓரிரு கிலோமீட்டர் வரை உள்ள பனித்தளத்தை மட்டுமே உணர்கிறது. பனி பிளந்து கடல் திறக்கும் இடங்களில் வேறுபாடு 28 டிகிரி. மேற்கண்ட அதே கெழுவிலேயே 245 வாட் மேலே பாய்கிறது. கீழிருந்து சூடேறும் காற்று கொந்தளிப்பதால் உண்மை அளவு அதைவிடக் கூடும். பரப்பில் 2 சதவீதம் இப்படித் திறந்திருந்தாலே சராசரியில் 5 வாட் மேல்நோக்கிச் சேர்கிறது. மீதியுள்ள 98 சதவீதமும் 5 வாட் கீழ்நோக்கி வாங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் ஏறத்தாழச் சமன்பட்டு, பெரும்பரப்பின் பாய்வு எந்தத் திசையில் என்பதே ஐயமாகிவிடும். கோபுரம் நிற்கும் தளத்திலிருந்து இதைச் சொல்ல முடியாது, வாய்பாடு சொல்லும். ஆனால் பனிக்கும் திறந்த நீருக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பரப்பளவால் நிறைகொடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டின் வெப்பநிலையையும் முதலில் சராசரியாக்கிவிட்டு ஒரே தடவை வாய்பாட்டில் இடுவது தவறு, ஏனெனில் ஒரு பக்கம் இறுகிய அடுக்கும் மறுபக்கம் கொந்தளிப்பும் இருக்கையில் இரண்டுக்கும் கெழு ஒன்றாகாது.

2019 முதல் 2020 வரை போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலைச் சுற்றி நடந்த மொசாயிக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் இந்த இடைவெளியை நிரப்பவே முயன்றது. முதன்மைத் தளத்தின் கோபுரத்தோடு நில்லாமல், தொலைவில் உள்ள பனித்தளங்களில் மூன்று தானியங்கி நிலையங்களை நிறுவி அங்கும் சுழல்களை அளந்தார்கள். ஒரே கோபுரத்தின் உயரத்தைக் கூட்டுவதைவிட, இப்படிச் சிறு நிலையங்களைப் பரப்பி வைப்பதற்கே அடுத்த செலவு போக வேண்டும் என்று கருதுகிறேன். அவற்றில் ஒன்றாவது, பிளவின் காற்றுப்போகும் பக்கத்தில், புதிதாக உறைந்துகொண்டிருக்கும் மெல்லிய பனியின் விளிம்பில் நிற்க வேண்டும்.