கரோ-கானா, நஜ்டோர்ஃபா?

ஹட்டனில் என்னிடம் செஸ் பழகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக, கறுப்புக்கான தொடக்க ஆட்டப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளை இ4 ஆடினால், அதாவது ராஜாவுக்கு முன்னாலுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளினால், என்ன பதில் என்பதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது.

முதலில் எடுத்தது சிசிலியன் நஜ்டோர்ஃப். உலகச் சாம்பியன்கள் ஃபிஷரும் காஸ்பரோவும் நம்பி ஆடியது. கறுப்பில் வெற்றிக்கு ஆட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாவது நகர்த்தலில் ஏ6 வைத்ததுமே வெள்ளைக்குப் பிஷப் ஜி5, இ3, இ2, சி4, அப்புறம் காலாள் எஃப்3, எச்3 என்று கிளைகள் விரிகின்றன. ஜி5 கிளைக்கே 80 பக்கக் கொப்பி ஒன்று முடிந்துவிட்டது.

கரோ-கான் அப்படியில்லை. சி6, அடுத்தது டி5. வெள்ளை இ5 என்று முன்னேறினால், இ6 வைத்து வழியை அடைப்பதற்கு முன்பே பிஷப்பை எஃப்5க்கு எடுத்துவிட வேண்டும். இ6இல் தொடங்கும் பிரெஞ்சு தற்காப்பில் உள்ளே மாட்டிக்கொள்ளும் அதே பிஷப் இங்கே தாராளமாக மூச்சுவிடுகிறது. இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னேன். மறுவாரம் அவளே காரணத்தோடு தங்கச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

நஜ்டோர்ஃபில் ஒரு நகர்த்தல் மறந்தால் ஆட்டமே போய்விடலாம். மழையில் பஸ் பிடித்து வரும் பிள்ளை எவ்வளவைத்தான் பாடமாக்கும்? சரி, கரோ-கானையே எழுதுகிறேன். இ5 பகுதி முடிந்தது. வெள்ளை டி5இல் வெட்டிவிட்டு சி4 வைக்கும் பானோவ் தாக்குதல் பாக்கி.