அரிதட்டா, ஸ்கேனரா? மணலிலும் புல்லிலும் தொலைந்ததைத் தேடும் கருவிகள்

போன ஆடி மாதம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் தங்கச்சியின் மோதிரம் மணலுக்குள் போய்விட்டது. அரைப் பவுண். பிள்ளைக்கு மாம்பழம் ஊட்டுவதற்காகக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள். அவன் தண்ணீரைப் பார்த்து ஓட, இவள் எழும்பிப் பின்னால் ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் பாய் இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது, மோதிரம் இல்லை.

மச்சான் இங்கிலாந்தில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உலோகம் தேடும் மெஷினோடு, அனுமதி வாங்கிய இரண்டு வயல்களிலும் ஒரு பார்க்கிலும் நடப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. "மெஷின் மட்டும் கையில இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை, மச்சான்" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. அன்று தொடங்கிய வாக்குவாதம் அவர் விமானம் ஏறும்வரை ஓடியது. எந்தக் கருவி எந்த மண்ணுக்கு, பொது இடத்தில் எவ்வளவு தோண்டலாம், தோண்டத்தான் வேண்டுமா என்று மூன்று வாரம் பேசியதில் தேறியதை எழுதுகிறேன். நடுநிலையாக எழுதுவேன் என்று நினைக்க வேண்டாம். நான் அரிதட்டுக் கட்சி, அதாவது மணல் சலிக்கும் தட்டின் பக்கம்.

முதலில் மெஷின். நம் ஊரில் அதற்குப் பெயர் ஸ்கேனர். அந்தச் சொல்லிலேயே புதையல் வாடை அடிக்கிறது. ஸ்கேனரோடும் அலவாங்கோடும் பூசைச் சாமானோடும் காட்டுக்குள் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி எத்தனை தடவை வாசித்திருப்போம்! 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருள் தேடிச் சொந்தக் காணியில் தோண்டுவதற்கும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் உத்தரவுப் பத்திரம் வேண்டும். இன்னும் வெளியே வராமல் மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் அரசின் சொத்து. தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் அறிவிக்க வேண்டும். பழமை என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். டச்சுக் கம்பெனியின் செப்புக்காசு ஒன்று உங்கள் காலில் தட்டுப்பட்டால் அது கோட்டுக்கு அந்தப் பக்கம். "கிடந்தது, எடுத்தேன்" என்று சட்டைப் பைக்குள் போட முடியாது.

திருகோணமலையில் இது ஏட்டளவுச் சட்டம் என்று நினைத்தால் தப்பு. கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைதான் இன்றைய பிரட்ரிக் கோட்டை. 1950இல் நகரசபை கிணறு வெட்டப் போன இடத்தில் சோழர் கால வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. தண்ணீருக்குத் தோண்டினாலே சாமி வருகிற ஊரில், கோட்டைக்கு முன்னால் உள்ள மைதானத்தில் ஒருவர் மெஷினோடு நடந்தால் பொலிசுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றும்.

"அங்க இவ்வளவு கெடுபிடி இல்லை" என்றார் மச்சான். முழுக்கச் சரியில்லை என்பது அவர் வாயாலேயே வந்தது. இங்கிலாந்திலும் காணிக்காரரின் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. பார்க் என்றால் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். லண்டனில் உள்ள அரச பூங்காக்களில் மெஷினுக்கே இடமில்லை. தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் வெறும் கண்ணால் தேடுவதற்கும் துறைமுக அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. 1996இல் வந்த புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். புதையலுக்கும் மரண விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அது பழைய அரசர் காலத்து வழக்கமாம். ஆக, வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கேட்டால் பொழுதுபோக்குக்காரனுக்கும் அனுமதி கிடைக்கக்கூடும். இங்கே அந்தப் பத்திரம் ஆய்வுக்காரருக்கு உரியது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மெஷினின் திறமையை மட்டும் பார்ப்போம். காய்ந்த புல்வெளியில் ஒரு நாணயத்தை 15, 20 சென்ரிமீற்றர் ஆழம் வரை சொல்லிவிடும். அதில் அதற்குப் போட்டி இல்லை. நம் கடற்கரையில் கதை வேறு. ஈர உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்துவதால் விலை குறைந்த மெஷின்கள் அலை நக்கும் இடத்தில் காரணமில்லாமல் கத்தும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனால் கறுப்பு மணல். இல்மனைட் எடுப்பதற்கென்றே அரச கம்பெனி இருக்கிறது. கனிமம் கூடிய மணலில் மெஷினை ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாகச் சரிக்கட்ட வேண்டும். அப்புறம் குப்பை. சின்னப் பொன் மோதிரம் எழுப்பும் சத்தமும் பியர் கானின் இழுவளையம் எழுப்பும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. குப்பைச் சத்தத்தை ஒதுக்கும்படி மெஷினைத் திருப்பினால் மோதிரமும் ஒதுங்கிவிடும். ஒதுக்காவிட்டால் டச்சு பேயில் ஒரு பின்னேரம் முழுக்கச் சோடா மூடி பொறுக்கலாம்.

இன்னொன்றை மச்சானுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. அதற்குப் பிறகு முப்பது வருடப் போர். மெஷினின் சத்தம் உலோகம் என்று மட்டும்தான் சொல்லும். நாணயமா, வெடிக்காமல் கிடக்கும் ஷெல்லா என்று சொல்லாது. ஆள் புழங்காத பற்றையோரங்களில் எந்தக் கருவியும் வேண்டாம். துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்வதுதான் வேலை. இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடி அகற்றிய நோர்வே மக்கள் உதவி அமைப்பு, மெஷினை நம்பியிராமல் விறாண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தது. நீளப் பிடி போட்ட விறாண்டி. தோட்டத்துச் சாமான்! பயிற்சி பெற்றவர்கள் பாதுகாப்பு உடையோடு செய்தது அது. நாம் செய்து பார்ப்பதற்கில்லை. ஆனால் மெஷின் வந்தால் கைக்கருவி தோற்றுவிடும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

சரி, மணலில் எது நல்லது? காய்ந்த மணல் என்றால் மேசன்மார் மணல் அரிக்கும் அரிதட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. மணல் விழும், சாமான் நிற்கும். கொங்கிறீற்று மணலுக்கான பெருங்கண் அரிதட்டில் மோதிரம் நிற்கும். தோட்டுச் சுரை நிற்காது, அதற்குப் பூச்சு மணல் அரிக்கும் சிறுகண் வேண்டும். வெளிநாட்டில் விற்கும் ஸ்கூப், ஓட்டை போட்ட இரும்பு அகப்பை மாதிரி. ஒரு அள்ளில் மணலும் சாமானும் சேர்ந்து வரும், இரண்டு உலுக்கில் மணல் போய்விடும். ஈர மணல் அரிதட்டில் அடைத்துக்கொள்ளும், ஸ்கூப்பை அலையில் முக்கி ஆட்டினால் கழுவுப்படும். அந்த இடத்தில் ஸ்கூப்புக்குத்தான் என் வாக்கு. ஸ்கூப் இல்லாதவர்களுக்கு அரிக்கன் சட்டி இருக்கிறது. 22 கரட் பவுண் மணலைவிட ஆறு மடங்குக்கு மேல் பாரம் என்பதால், அரிசி களைவதுபோல் சுழற்றச் சுழற்ற மணல் வெளியே போய் நகை அடியில் தங்கும். அம்மாமார் கல் அரிக்கும் அதே கை வேலை. விறாண்டி மணலுக்கு நல்லதுதான், ஆனால் பல் இடைவெளி மோதிரத்தைவிட அகலம் என்றால் பொருளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். வெறும் கையால் துழாவுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான்கு பேர் சுற்றி நின்று துழாவினால் மேலே கிடந்தது கீழே போகும். கண்ணாடித் துண்டு கிழிக்கும்.

அன்று நாங்களும் முதல் பத்து நிமிடம் அதைத்தான் செய்தோம். பிறகு நான் எல்லாரையும் எழுப்பி, பாய் கிடந்த இடத்தைச் சுற்றி இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் காலால் கோடு கீறினேன். உள்ளே அரை மீற்றர்க் கட்டங்கள், பதினாறு. பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் மேசனிடம் ஓடிப்போய் அரிதட்டு கேட்டேன். "கடல் மணலோ? கழுவித்தான் தரவேணும், துருப்பிடிச்சிடும்" என்று சொல்லித்தான் தந்தார். ஒரு கட்டத்தில் நாலு விரல் ஆழத்துக்கு மணலை வாரி அரித்து, அரித்ததை முடித்த கட்டத்துக்கே திரும்பக் கொட்டினோம். அரிக்காத கட்டத்தில் கொட்டினால் எது பார்த்தது, எது பார்க்காதது என்று குழம்பிவிடும். கச்சான் விற்கிற பெடியன் வண்டியை விட்டுவிட்டு வந்து அரிதட்டின் மறுபக்கத்தைப் பிடித்தான். சோடா மூடி ஒன்பது, இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று, தலைமயிர்க் கிளிப், ஒரு சின்ன பிளாஸ்டிக் யானை. பதினோராவது கட்டத்தில் அரிதட்டுக்குள் ஒரு சத்தம், கல்லின் சத்தத்தைவிட மெல்லியது. தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். நாற்பது நிமிடம் எடுத்தது. மச்சானின் ஐந்து நிமிடத்தோடு ஒப்பிட்டால் தோல்விதான். ஆனால் அந்த ஒன்பது மூடிக்கும் ஒன்பது தரம் குனிந்திருப்பாரே என்று கேட்டேன். சிரித்தார்.

புல் என்று வந்தால் கட்சி மாற வேண்டியிருக்கிறது. மணல் தானாக மூடிக்கொள்ளும், புல் மூடாது. பார்க்கில் ஒருவர் எப்படித் தோண்டினார் என்பதை அவர் போன பிறகு பார்த்தால் தெரியும். தெரியக்கூடாது என்பதுதான் இங்கிலாந்தில் மெஷினோடு தேடுபவர்களின் முதல் மரியாதை.

மண்வெட்டியையும் அலவாங்கையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பார்க்குக்குள் அவற்றைக் கொண்டுபோகிறவருக்கு அனுமதி கொடுத்தவரே மறுநாள் அனுமதியை எடுத்துவிடுவார். மேசன் கரண்டி மெல்லிய தகடு; இறுகிய மண்ணில் கழுத்து வளையும், வேரை அறுக்காமல் பிய்க்கும். மச்சான் அப்பாவின் தோட்டத்துக்கென்று கொண்டுவந்திருந்த தோண்டு கத்தி, இதற்கென்றே செய்தது: ஒரு சாண் அலகு, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் அரம்போல் பல், கை வழுக்காமல் குறுக்கே ஒரு தடுப்பு. எங்கள் வளவுப் புல்லில் வெட்டிக் காட்டினார். மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை வேரோடு விட்டு, புத்தக மட்டைபோல் திறந்தார். தோண்டிய மண்ணைப் பக்கத்தில் விரித்த ஒரு துணியில் போட்டார், புல்லில் கொட்டவில்லை. பிறகு துணியோடு மண்ணைக் குழிக்குள் சரித்து, மட்டையை மூடி, செருப்புக் காலால் அமர்த்தி, ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினார். இரண்டு எட்டுத் தள்ளி நின்று தேடினேன். இடம் பிடிபடவில்லை.

சிலர் நாலு பக்கமும் வெட்டி வட்டமாக முழுக்கட்டியாகவே எடுப்பார்களாம். வேகம் கூட. ஆனால் வேர்த்தொடுப்பு முழுக்க அறுபடுவதால் கட்டி காய்ந்துபோகும், புல் வெட்டும் மெஷின் அதைக் கிளப்பிவிடும். மூன்றாவது வழி ஸ்குரூ டிரைவர். இரண்டு அங்குல ஆழத்துக்குள் கிடக்கும் நாணயத்துக்கு, முனை மழுங்கிய ஸ்குரூ டிரைவரைச் சாய்வாக விட்டுப் புல்லைக் கொஞ்சம் விரித்து மேலே கிளப்புவது. குழியே இல்லை. பழகக் கஷ்டம், நாணயத்தில் கீறல் விழலாம், ஆழத்துக்கு உதவாது. இருந்தும் பொதுப் புல்வெளிக்கு என் முதல் தெரிவு அதுதான். அதனால் முடியாதபோதுதான் கத்தி. இடத்தைச் சரியாகக் காட்டும், கைக்கு அடக்கமான குறிகாட்டி ஒன்றும் உண்டு. குழியைப் பாதியாகக் குறைப்பது உண்மையில் அதுதான் என்றார் மச்சான். ஆனால் அதுவும் மெஷின் இனம். நம் ஊர்ச் சிக்கல் அதற்கும் பொருந்தும்.

இங்கிலாந்துக்காரர் கோடை வரட்சியில் புல்லை இப்படி வெட்டித் திறப்பதைத் தள்ளிப்போடுவார்கள், வெட்டிய கட்டி பிழைக்காது என்பதால். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால், கச்சான் காற்று அடிக்கும் வைகாசியிலிருந்து ஆவணி வரை கத்திக்கு விடுமுறைதான் (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் நம்முடையது). அந்த மாதங்களில் மைதானப் புல் வைக்கோல்தான். மாரி மழை விழுந்த பிறகு வெட்டினால் பிடிக்கும்.

குழியை மூடாமல் விட்டால் இங்கிலாந்தில் தடுக்கி விழுவது காலை நடைக்கு வருபவர். இங்கே மான். கோட்டையில் இருக்கும் புள்ளிமான்கள் பின்னேரம் தெருவுக்கும் மைதானத்துக்கும் வந்து, கடைக்காரர் போடும் பழத்தோல் வரை தின்கின்றன. அந்த மெல்லிய காலுக்கு அரைச் சாண் குழி போதும். மணலிலும் அப்படித்தான், பந்தடிக்கும் பெடியனின் கணுக்காலை நினைத்துக்கொண்டு காலால் தள்ளி நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

மற்ற மரியாதைகளில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் சண்டை பிடிக்கவில்லை. கிளப்பிய குப்பையைத் திரும்பப் புதைக்கக்கூடாது. பாய் விரித்திருக்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் தேடக்கூடாது. வேறு யாருடையதோ கிடைத்தால் பொலிசில் கொடுக்க வேண்டும். புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ஒரு சிப்பியையும் கிளப்பக்கூடாது. பிரிந்தது ஓரிடத்தில் மட்டும். ஆள் இல்லாத விடிகாலையில் போவதுதான் மரியாதை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு மாறாகப் படுகிறது. இந்த ஊரில் ஆள் இல்லாத நேரத்தில் தோண்டுபவனைத்தான் சந்தேகப்படுவார்கள். பின்னேரம், நாலு பேர் பார்க்க, என்ன தேடுகிறோம் என்று சொல்லித் தேடினால், கச்சான் வண்டிக்காரன் வந்து அரிதட்டைப் பிடிப்பான்.

அரிதட்டைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசன் அரிதட்டின் கண்களில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். கத்தியை இப்போது அப்பா கத்தரிக் கன்று நடுவதற்கு எடுக்கிறார். பல் உள்ள பக்கம் தென்னை வேர் அறுக்கவும் உதவுகிறதாம்.