அம்மப்பாவின் கல்வெட்டு: யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றின் சேவை

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் கிரியைக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுப்பது வழக்கம். இப்போது அதை நினைவு மலர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் கல்வெட்டுத்தான். அம்மப்பாவுக்கான கல்வெட்டை நகரிலுள்ள ஓர் அச்சகத்தில் அடிப்பித்தோம். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்துவிட்டு, இந்த வேலையை முதன்முதலாகப் பொறுப்பேற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியின் நாளை யாருக்காகவும் பின்போட முடியாது என்பதால், சொன்ன நேரத்துக்கு வேலையை முடிப்பதே இத்தகைய அச்சகத்துக்கு முதல் தகுதி. அதில் இவர்கள் தவறவில்லை; நாங்கள் அந்தக் கிரியைக்காகக் கீரிமலைக் கடற்கரைக்குப் புறப்படுவதற்கு முந்திய நாளே பிரதிகள் கட்டுக்கட்டாக வீடு வந்து சேர்ந்தன. படத்தைக் கையாண்ட விதமும் பாராட்டத்தக்கது. கலியாண வீடொன்றில் பலரோடு நின்று எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தைப் பிரித்தெடுத்தார்கள். சில இடங்களில் செய்வதுபோல் முகத்தை வெள்ளையாக்கிக் கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டிவிடாமல், நெற்றித் திருநீறும் தோள் சால்வையும் இருந்தபடியே இருக்க விட்டார்கள். அட்டையும் தாளும் தரமானவை.

சிக்கல் உள்ளே இருந்தது. அச்சகத்தின் கணினியில் ஒரு கல்வெட்டு ஆயத்தமாகவே கிடக்கிறது. பஞ்சபுராணம், சிவபுராணம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று எல்லாம் வரிசையாக இருக்க, பெயர்களை மட்டும் மாற்றிப்போடுகிறார்கள். பிழை பார்க்க வந்த படியில் சிவபுராணத்தின் அடிகளை எண்ணிப் பார்த்தேன். 95 இருக்கவேண்டிய இடத்தில் 94 இருந்தன. அதே கோப்பிலிருந்து முன்னர் எத்தனை வீடுகளுக்கு அந்த ஓரடி போகாமல் விட்டதோ தெரியவில்லை. திதி வெண்பாவின் ஈற்றடியும் முச்சீரில் முடியாமல் நாற்சீராக நீண்டிருந்தது. அம்மப்பா ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பல காலம் பயன் சொன்னவர், அதாவது ஒருவர் பாட்டைப் படிக்கப் பொருள் விரித்தவர். படிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினாலும் நிறுத்தித் திரும்பப் படிக்கச் சொல்பவர். அவருடைய கல்வெட்டில் இவை நிற்கலாகாது என்று சொன்னபோது அச்சகத்தார் முகம் சுளிக்காமல் அன்றே திருத்தித் தந்தார்கள். பேரர் புலம்பலை மட்டும் முழுவதுமாக நீக்கச் சொன்னோம். அதில் வந்த தாத்தா எங்களைத் தோளில் தூக்கித் திரிந்து இனிப்பு வாங்கித் தந்துகொண்டிருந்தார். எங்களுடையவரோ, விளக்கு வைத்த பிறகு ஆளுக்கொரு தேவாரம் பாடினால்தான் சாப்பாட்டுக்கு விடுவார்.

வாழ்க்கை வரலாறு எழுதித் தருவதற்கும் அச்சகத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதியதில் 'கொடைவள்ளல்', 'இரண்டாம் கர்ணன்' என்ற அடைகள் நிறைய இருந்தன. அம்மப்பா கொடுத்த ஒரு பொருள்கூட இல்லை. அவர் ஆறுமுக நாவலரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நாவலர் பதிப்பித்த நூல்களைவிட 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததையே பெரிதாகச் சொல்வார். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாள்களில், வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போன அரிசியைப் பொதுப் பானையில் போட்டுக் கஞ்சி காய்ச்சினார் என்று அயலவர்கள் செத்தவீட்டில் சொன்னார்கள். ஆடம்பர அடைகளை அடித்துவிட்டு அதை அப்படியே சேர்த்தோம்.

கூடவே அவருடைய கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தையும் படமாகப் போடச் சொன்னோம். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே சாய்ந்த எழுத்தில், 'சன்னிதி மடத்துக்கு அரிசி, பருப்பு', 'ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து', 'ஒரு பிள்ளைக்குக் கொப்பி, பேனை' என்ற பதிவுகள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியை அன்னதானக் கந்தன் என்று நாடே அறியும். அந்த மடத்தின் பெயரை எழுதியவர், சப்பாத்துப் பெற்ற பிள்ளையின் பெயரை எந்தப் பதிவிலும் எழுதவில்லை. வாங்கியவர் கூசக்கூடாது என்ற எண்ணமாகத்தான் இருக்கவேண்டும். மைக்கறையைத் துடைத்துச் சுத்தமாக்கித் தருவதாக அச்சகத்தார் முன்வந்தார்கள். வேண்டாம் என்றதும் கறையோடும் மடிப்போடும் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி அச்சிட்டார்கள். இந்த மலரில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் அதுவே. தொழில் தெரிந்தவர்கள், கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் ஆயத்தக் கோப்பையே தள்ளிவிடுகிறார்கள்.

வம்சாவளிப் பக்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கனடாவிலும் நோர்வேயிலும் பிறந்த பிள்ளைகளுக்கு யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லக்கூடிய ஒரே தாள் பின்னாளில் அதுவாக இருக்கலாம். படியை வைபரில் அனுப்பி, ஒவ்வொரு குடும்பமும் தன் கிளையைப் பார்த்த பின்னரே அச்சுக்கு விட்டோம். அப்படியும் ஒரு மருமகனின் பெயர் கடைசி நேரத்தில்தான் சரியானது.

பிடிஎஃப் கோப்பை மேலதிகப் பணம் கேட்காமல் தந்தார்கள். அதைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'நூலகம்' என்ற இணையத்தளம் நம்மவர்களின் நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. கட்டணத்தில் ஒரு விடயத்தை முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டும். நடுவில் கம்பி அடிக்கும் நூலில் பக்கங்கள் 4இன் மடங்காகவே கூடும். கொப்பிப் பக்கத்துக்காக நாங்கள் ஒரு பக்கம் கூட்டியபோது 4 பக்கத்துக்கும் பணம் கட்டவேண்டியதாயிற்று. மிஞ்சிய இடத்தில் அம்மப்பா வழக்கமாகப் பாடும் திருப்புகழைச் சேர்த்துக்கொண்டோம்.