டெஃபல் பயிற்சியோடு தாய்லாந்து வேலையும் தரும் சென்னை நிலையம்: என் அனுபவம்

சென்னையில் டெஃபல் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கான) பயிற்சியும் கொடுத்து, வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலையும் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் நிலையங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றின் மூலமாக 2019 கடைசியில் தாய்லாந்து போனேன், கொரோனா காலம் முழுக்க அங்கேயேதான் இருந்தேன். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் தோழிகள் காட்டிய வேறு இடங்களின் ஒப்பந்தங்களிலும், பள்ளி மூடினால் சம்பளம் என்ன என்று சொல்லாத இதே ஓட்டை இருந்தது. பயிற்சிக்கு 5க்கு 5 கொடுப்பேன். வேலை வாங்கித் தரும் சேவைக்கு 2 கொடுக்கவே மனசு வரவில்லை.

முதலில் நல்லது. 120 மணி நேரப் பயிற்சி, சனி ஞாயிறுகளில். பயிற்சி கொடுத்த சார் பாடம் நடத்தியதை விட எங்களை நடத்த விட்டுப் பார்த்ததுதான் அதிகம். தமிழில் ஒரு வார்த்தை கூடப் பேசாமல், சைகையாலும் படத்தாலும் பொருளாலும் ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் நகர்த்த வேண்டும். ஆங்கிலம் துளியும் தெரியாத பிள்ளைகள் முன்னால் போய் நின்றபோது அதன் அருமை தெரிந்தது. இந்தியர்களை அங்கே தாய்மொழி ஆங்கிலக்காரர்களாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது காட்ட வேண்டும் என்பதையும், சம்பளமும் அதற்கேற்பக் குறைவுதான் என்பதையும் சார் முதல் நாளே மறைக்காமல் சொன்னார்.

ஆவண வேலையும் பரவாயில்லை. பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவுத் துறை முத்திரை, சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவை மையத்தில் காவல்துறை சான்று, அப்புறம் வேலைக்குப் போகிறவர்களுக்கான நான்-இமிக்ரண்ட் பி விசா, எல்லாவற்றுக்கும் ஒரு அக்கா கூடவே இருந்து வழி சொன்னார்.

சரி, இனி ஒப்பந்தம். எனக்குச் சம்பளம் கொடுத்தது பள்ளி இல்லை. பள்ளி பாங்காக்கில் உள்ள ஒரு ஏஜென்சிக்குக் கொடுக்கும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு எனக்குக் கொடுக்கும், அந்த ஏஜென்சியின் சென்னைக் கூட்டாளிதான் இந்த நிலையம். பள்ளி நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தாய்லாந்தில் மார்ச் மாதத்தில் பள்ளி மூடி மே நடுவில் திறப்பார்கள், அந்த இரண்டு மாதத்துக்குக் கையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கேயே சொல்லித்தான் அனுப்பினார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் 2020-இல் பள்ளி திறந்தது ஜூலை 1. மேற்கொண்டு ஒன்றரை மாதம் ஒரு பாட் (தாய்லாந்துப் பணம்) கூட வரவில்லை. பள்ளியை அரசே மூடினால் ஆசிரியருக்கு என்ன கிடைக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. அதே பள்ளியில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கு மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்தோம்.

ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. மார்ச் 22-ஆம் தேதியோடு இந்தியாவுக்கு வரும் பன்னாட்டு விமானங்கள் நின்றன, ஏப்ரல் தொடக்கத்தில் தாய்லாந்தும் தன் வானத்தை மூடியது. சென்னையில் ஊரடங்கு, அலுவலகம் பூட்டியிருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொடர்புக்கென்று கொடுத்த எண்ணில் எப்போது கூப்பிட்டாலும் "மேடம் லைன்ல இல்ல, மெயில் போடுங்க" என்பதுதான் பதில், மெயிலுக்கோ பதிலே கிடையாது. விசா முடிந்தால் என்ன செய்வது என்று கேட்ட கேள்விக்குக் கூட யாரும் வாய் திறக்கவில்லை. சிக்கிக்கொண்ட வெளிநாட்டவர்களுக்கு ஜூலை 31 வரை அபராதம் இல்லை, பிறகு செப்டம்பர் 26 வரை இல்லை என்று தாய்லாந்து அரசு அறிவித்ததை நானே செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏஜென்சி சொல்ல வேண்டிய செய்தி அது. அந்த மாதங்களில் வீட்டுக்கார அம்மா வாடகையைக் குறைத்துக்கொண்டார். தெருவோரத்தில் அலமாரி வைத்து அரிசி, முட்டை, நூடுல்ஸ் நிரப்பியிருந்தார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நானும் எடுத்திருக்கிறேன். அந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஜூலையில் பள்ளி திறந்ததும் பாதி வகுப்பு ஒரு நாள், மீதி வகுப்பு மறுநாள். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு, எல்லார் முகத்திலும் முகக்கவசம். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காட்டித்தான் சில ஒலிகளைச் சொல்லிக்கொடுக்க முடியும், வாயே தெரியாவிட்டால் பிள்ளை எதைப் பார்த்துப் பழகும்? இதை சாருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். கண்ணாடி போன்ற முகத்தடுப்பு போட்டுக்கொண்டு தள்ளி நின்று காட்டுங்கள், வாய் அசைவைப் படம்பிடித்து லைன் என்ற செயலியின் குழுவில் பெற்றோருக்கு அனுப்புங்கள் என்று அன்று இரவே குரல் பதிவில் சொன்னார். நிலையத்தில் சேர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த உண்மையான பலன் அந்த மனிதர்தான், அவர் தன் சொந்த நேரத்தில் செய்தது அது.

நான் இருந்தது சமுத் சாக்கோன் மாகாணத்தில், மகாச்சாய் ஊரில். 2020 டிசம்பரில் அங்குள்ள இறால் சந்தையில்தான் இரண்டாவது அலை கிளம்பியது. மியான்மர் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், மாகாணத்தையே மூடினார்கள். பள்ளியை மறுபடி மூடி ஆன்லைனுக்குப் போனார்கள். இந்த முறை ஏஜென்சி, ஆன்லைன் வகுப்பு என்றால் பாதிச் சம்பளம் என்றது. ஏழு வயதுப் பிள்ளைகளைத் திரை முன்னால் உட்கார வைத்து நடத்துவது நேரில் நடத்துவதை விட இரண்டு மடங்கு வேலை. சென்னை நிலையத்துக்கு எழுதினேன். "அது அந்த ஏஜென்சி பாலிசி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னிடம் பணம் வாங்கும்போது இரண்டும் ஒரே நிறுவனம் மாதிரிதான் பேசினார்கள்.

யாராவது இப்போது சேரப் போகிறீர்கள் என்றால், பயிற்சியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேலையும் அவர்கள் மூலம்தான் என்றால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கான இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர்கள் பதிவு பெற்ற முகவரா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். பதிவு பெற்றவர்கள் கூட அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்க முடியும். வொர்க் பெர்மிட்டில் யார் பெயர் முதலாளியாக இருக்கும், பள்ளியா ஏஜென்சியா, அதையும் கேளுங்கள். பள்ளி மூடினால் சம்பளம் என்ன, விமானம் நின்றால் யார் பொறுப்பு, இந்த இரண்டுக்கும் ஒப்பந்தத்திலேயே பதில் வேண்டும். 2022-இல் திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கு நேரில் போய் இதைச் சொன்னேன், சேர்க்கிறோம் என்றார்கள். போன மாதம் ஒரு தங்கை அங்கே சேரப் போய் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள், இன்னும் சேர்க்கவில்லை. அவள் முன்பணம் கட்டாமல் வந்துவிட்டாள், இப்போது பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.