'ஒரே வண்டி, ரெண்டு சோலி' என்று டிராக் ரேஸ் பேக்கேஜ் விற்கிறார்கள்: மதுரைக்காரர்கள் கவனிக்கவும்

மதுரையில் கார் மாடிஃபை செய்து தரும் ஒரு ஷெட்டில், சர்க்யூட் (வளைவுகள் உள்ள ரேஸ் தடம்) ஓட்டும் வண்டிக்காரர்களைக் குறிவைத்து டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டில் ஓடும் பந்தயம்) பேக்கேஜ் ஒன்றை விற்கிறார்கள். புகார் நடப்பதால் பெயர் எழுதவில்லை. "எல்.எஸ்.டி. போட்டுத் தர்றோம், வளைவுலயும் நிக்கும், கால் மைல்லயும் பறக்கும்" என்று யார் சொன்னாலும் காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கியர் பாக்ஸுக்குள் அவர்கள் வைத்தது எல்.எஸ்.டி. (ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினாலும் மறுபக்கத்தை இழுக்க வைக்கும் டிஃபரென்ஷியல்) இல்லை. கம்பெனி கொடுத்த பழைய டிஃபரென்ஷியலையே (எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்து, வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) வெல்டு அடித்து மூடிக் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டி பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைத்திறன், எடை ஒரு டன் பக்கம், முன்சக்கரம் இழுக்கிற வண்டி. வளைவுக்காகவே பார்த்துப் பார்த்துச் சேர்த்தது: உயரம் குறைத்த கெட்டி சஸ்பென்ஷன், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார், முன்சக்கரங்கள் மேல்பக்கம் இரண்டரை டிகிரி உள்நோக்கிச் சாய்ந்த கேம்பர். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் எதற்கென்று புரியும். மொத்தமே 2.1 கிலோமீட்டர் தடம். நேர்ப்பாதையில் வேகம் எடுத்து முடிப்பதற்குள் பிரேக் மிதிக்கும் இடம் வந்துவிடும். அங்கே நேரத்தைக் குறைப்பது வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் கொண்டுபோகிறோம் என்பதுதான்.

எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்பக்க முன்சக்கரம் எடையிழந்து வெறுமனே சுழலும். சாதாரண டிஃபரென்ஷியல் இருபக்கத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கமும் அதற்குமேல் இழுக்காது. அதற்குத்தான் எல்.எஸ்.டி. அதிலும் சாய்ந்த பல்சக்கரங்களால் வேலை செய்யும் ஹெலிக்கல் வகை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். மற்றதெல்லாம் ஷெட் ஓனர் சேர்த்தது. "கியர் பாக்ஸ் எப்படியும் இறக்கத்தானேண்ணே போறோம், அதோட டிராக் செட்டப்பும் பண்ணிருவோம். ஒரே வண்டி, ரெண்டு சோலி. நாங்க பாத்துக்கிறோம்ணே."

இந்த ரெண்டு சோலி கதையை இரண்டு வேலையும் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

டிராக் ரேஸ் என்பது 402 மீட்டர் நேர்கோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் சில மீட்டரில்தான் பாதிக் கதை முடிகிறது. வண்டி பாய்ந்து கிளம்பும்போது எடை பின்னால் போகும். ஒரு டன் வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் 0.4 மடங்கு முடுக்கத்தில் கிளம்பினால் 80 கிலோ முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாறிவிடும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு இது கிடைத்த வரம். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கோ, பிடி வேண்டிய நேரத்தில் பிடி போகிறது.

அடுத்தது கேம்பர். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுசாகத் தரையில் படியட்டும் என்றுதான் சக்கரத்தைச் சாய்த்து வைக்கிறோம். நேராகப் போகும்போது அதே டயர் உள் ஓரத்தில்தான் அழுத்தமாக நிற்கும். டிராக் ரேஸுக்கு அது நட்டம், அங்கே சுழியத்தை ஒட்டித்தான் வைப்பார்கள். டயரும் அப்படியே. சர்க்யூட் டயருக்குப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு தொய்வு வரும். டிராக் ரேஸுக்கான ஸ்லிக் டயரின் பக்கச்சுவர், கிளம்பும்போது சுருக்கம் விழுந்து மடங்கிக்கொடுக்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். அந்தச் சுருக்கம்தான் முதல் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது இல்லாத வண்டியில் அதிர்ச்சி நேராக ஆக்சிலுக்கும் கிளட்சுக்கும் போகும். எடை குறைத்த ஃப்ளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) கதையும் இதுதான். சர்க்யூட்டில் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறி இறங்க உதவும், நின்று கிளம்பும்போது அதே எஞ்சின் பொசுக்கென்று இறங்கிவிடும்.

நேர்கோட்டுக்காகவே ஒரு வண்டி செய்தால் எங்கே போய் முடியும் என்று பார்க்க அமெரிக்காவின் டாப் ஃப்யூல் வண்டிகளைப் பாருங்கள். வீல்பேஸ் மட்டும் 300 அங்குலம், அதாவது 7.62 மீட்டர். 1,000 அடியை நான்கு வினாடிக்குள் தாண்டும். கரியின் முதல் வளைவில்கூட அதைத் திருப்ப முடியாது.

இரண்டையும் நன்றாகச் செய்யும் வண்டி உலகத்தில் இல்லாமல் இல்லை. நிசான் ஜிடி-ஆர் செய்யும். நான்கு சக்கரமும் இழுக்க, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கிற வண்டி அது. அதன் விலை வேறு, நம் விலை வேறு. சர்க்யூட் வண்டியை டிராக் ரேஸில் ஓட்டவே கூடாது என்றும் சொல்லவில்லை. அனுமதியோடு ஏதாவது விமான ஓடுதளத்தில் நடந்தால் இருக்கிற செட்டப்போடு ஓட்டுங்கள், சிரித்துவிட்டு வாருங்கள், நேரம் சுமாராகத்தான் வரும். அந்த நேரத்தைக் குறைக்க வண்டியை மாற்ற ஆரம்பிக்கும்போதுதான் வளைவைப் பறிகொடுக்கிறோம்.

இப்போது அவர்கள் செய்த வேலைக்கு வருகிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஒரு யூ-டர்ன் போட்டதுமே முன்சக்கரம் கீச்சென்று கத்தியது. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடித்து நகர்த்தினால் வண்டி நொண்டி நொண்டித் தாவியது. போன் செய்தேன். "எல்.எஸ்.டி. போட்டா அப்படித்தாண்ணே இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்" என்றார். கிளட்ச் மாதிரித் தட்டுகளால் பிடிக்கிற பிளேட் வகை எல்.எஸ்.டி. கொஞ்சம் அப்படி முரண்டு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பில் வாங்கியது ஹெலிக்கலுக்கு. அது ஊருக்குள் ஓட்டும்போது இருக்கிறதே தெரியாது.

அப்புறம் சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து ஏறும் அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போதே தெரிந்துவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில் மாட்டியதுபோல் ஒரே வேகத்தில் சுற்றினால் வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவது எப்படி? ஒன்று டயர் தேய வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் முறுக வேண்டும். கீழே இறங்குவதற்குள் ஆக்சில் ஜாயின்டில் டக் டக் சத்தம் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்து வண்டிகளைப் பல வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் கியர் பாக்ஸை இறக்கினார். டிஃபரென்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று ஆர்க் வெல்டிங்கால் ஒட்டியிருந்தது. ஆயிலில் வெல்டிங் பொறிகள் மணி மணியாகக் கிடந்தன. "தம்பி, இது லேத் பட்டறையில அரை நாள் வேலை. பொருள் செலவுன்னு பாத்தா வெல்டிங் ராடு மட்டும்தான்" என்றார்.

வெல்டு அடிப்பது புது விஷயம் இல்லை. நேர்கோட்டில் மட்டும் ஓடும் டிராக் வண்டிகளில், செலவு குறைக்க நினைப்பவர்கள் தெரிந்தே செய்துகொள்வதுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதால் கிளம்பும்போது நன்றாகவே இழுக்கும். டெமோவில் போன் ஆப்பை வைத்து "பாருங்கண்ணே பிக்கப்பை" என்று அவர்களால் காட்ட முடிந்தது அதனால்தான். அந்த டெமோவை நாலுவழிச் சாலையில் காட்டுகிறார்கள் என்பது தனிக் கூத்து. பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். மாட்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்தான் மாட்டுவார்.

வேறு கைவரிசைகளும் இருந்தன. முன்பக்க ஆன்டி-ரோல் பாரின் லிங்கைக் கேட்காமலே கழற்றியிருந்தார்கள். பின்சக்கரம் தள்ளுகிற டிராக் வண்டியில் மூக்கு தாராளமாகத் தூக்கட்டும் என்று செய்கிற வேலை அது. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் மூக்கு தூக்கவே கூடாது. ஏதோ வீடியோவைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள். கேம்பரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அதையும் சொல்லவில்லை. கழற்றிய லிங்கைக் கேட்டால் "ஷெட்ல எங்கயாச்சும் கெடக்கும்ணே" என்றார்கள்.

ஏற்கெனவே இவர்களிடம் வேலை செய்தவர்கள் கியர் பாக்ஸை இறக்காமலே சோதிக்கலாம். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி ஜாக்கி வைத்து ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு அடைப்புக் கட்டை, கியர் நியூட்ரல். ஒரு ஆள் ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நீங்கள் மறு சக்கரத்தைத் திருப்புங்கள். ஹெலிக்கல் என்றால் பெரும்பாலும் சாதாரண டிஃபரென்ஷியல் மாதிரியே சுலபமாகத் திரும்பும். பிளேட் வகை என்றால் பலம் கொடுத்தால் முரண்டு பிடித்துத் திரும்பும். வெல்டு அடித்ததாக இருந்தால் இம்மியும் அசையாது. புதிதாகப் போடப் போகிறவர்கள், பொருளை டப்பாவோடும் பார்ட் நம்பரோடும் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள், கழற்றிய பழைய டிஃபரென்ஷியலைக் கையோடு வாங்கி வாருங்கள். பழையதைத் தர முடியாது என்றால் அது உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஓனரின் குரல் மாறிவிட்டது. "மாடிஃபை பண்ணின வண்டிண்ணே. வெளிய போனா ஆர்.டி.ஓ. உங்களத்தான் கேப்பாரு" என்றார். வண்டியை மாடிஃபை செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இப்போது கேட்பது, காசு வாங்கிய பொருள் எங்கே என்பதைத்தான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், ஷெட்டிலிருந்து பதில் இல்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். 5 லட்ச ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பில்லில் 'ஹெலிக்கல் எல்.எஸ்.டி. செட்' என்று கையால் எழுதியிருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இல்லை. இதே மாதிரி பில் வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெல்டு அடித்த டிஃபரென்ஷியல் மெக்கானிக் அண்ணனிடம்தான் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் கூட்டிப் போகிறேன்.